வெந்நீரில் கழன்ற பூ

உலர்தாவரக் காப்பகத்தில் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அவள் வேலை. பதினொரு வருடம் அந்த மாவட்டத்தின் ஓடைக்கரை, பாறையிடுக்கு எல்லாம் நடந்து காட்டுச்செடிகளைப் பறித்து வந்தவளும் அவளே. காப்பகத் தலைவர் அவளுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒருநாள் ஒரு தாளின் மூலையில் விவரச்சீட்டு தடிமனாகத் தெரிந்தது. நகத்தால் நெம்பினாள். அடியில் அவள் கையெழுத்தில் அவள் பெயர் போட்ட பழைய சீட்டு. மேலே ஒட்டியிருந்ததில் 'சேகரித்தவர்' என்று அத்தான் பெயர். அலமாரி முழுக்கப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் தாள். ஒன்றிலும் அவள் இல்லை.

நேரே போய்க் கேட்டாள்.

"குடும்பத்துக்குள்ள உன் பேரு என்ன, என் பேரு என்ன?" அத்தான் தலையை நிமிர்த்தவில்லை. "உன் பேரைப் போட்டா எவன் மதிப்பான்?"

"சரிங்க அத்தான்."

அந்த மாதமே ஒரு புதர்ச்செடியின் தண்டில் வேறொரு கொடியின் பூவைக் கோந்தால் பொருத்தினாள். ஒட்டு தெரியாதபடி ஓர் இலையை மேலே மடித்து உலர்த்தி, அவர் மேசையில் வைத்தாள்.

"இது என்ன செடின்னு தெரியலைங்க அத்தான்."

அது பொய்யில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அத்தான் ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாகக் கிடந்தார். புதிய இனம் என்று அறிவித்தார். மலைச்சரிவில் தானே கண்டெடுத்ததாகவும் எழுதினார்.

வெளியூர் நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள், "பூவைப் பிரிச்சுப் பாக்கணும். கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாம்மா" என்றாள். காய்ந்த பூவை அப்படித்தான் இளக்குவார்கள். அவள் ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். காம்போடு உள்ளே போட்டதும் கோந்து கரைந்து, பூ தனியாக மிதந்தது.

"இது ஒட்டின பூவாச்சே. நீங்களா பறிச்சீங்க?"

அத்தான் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கண்ணை எடுக்காமல் நின்றாள்.

பதவி போயிற்று. அவர் பெயரிலிருந்த தாள்களை இனி நம்ப முடியாது, எல்லாவற்றையும் கட்டி ஒதுக்குங்கள் என்று உத்தரவு வந்தது. மேல்சீட்டுகளை உரித்தால் தன்னுடையவை என்று காட்டலாம். அப்புறம் பூவை ஒட்டியது யார் என்ற கேள்வி வரும். அவளே கட்ட உட்கார்ந்தாள்.

அக்கா வந்து வாசலிலேயே நின்றாள்.

"எல்லாம் நீதான்னு எனக்குத் தெரியும்டி. வயிறு குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சுக்கா."

அக்கா போய்விட்டாள். அவள் அடுத்த கட்டை எடுத்து, கயிற்றைப் பல்லால் பிடித்து இறுக்கினாள்.