வாந்தி எடுத்த சுவர்

பல் டாக்டர் வீட்டுக் கூடத்துச் சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு முதன்முறையாக வாந்தி எடுத்தது. முந்நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர் அது. ஈர ஓதம் ஏறுகிறதென்று, கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு தடுத்தும் கேளாமல், டாக்டர் அதற்குச் சிமெண்டு பூசி, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்திருந்தார். மூச்சு முட்டிய சுவர், தன் காலடியில் இதுவரை ஊற்றப்பட்ட தண்ணீரையெல்லாம் பின்னோக்கி வரிசையாகக் கக்கத் தொடங்கியது. முதலில் போன வாரம் தரை துடைத்த தண்ணீர். அடுத்து வீட்டு முன்னறைக் கிளினிக் தண்ணீர்: முப்பது வருடமாக ஊரில் பாதிப்பேர் கொப்பளித்துத் துப்பியது, கிராம்பு நெடியும் ரத்த இழையும் சொத்தைப் பல் துணுக்குமாக நூல் நூலாய் வழிந்தது. எங்கள் எல்லாருடையதும் அதில் இருந்தது. இருந்தும் அடுத்தவருடையதை நினைத்தே எங்களுக்குக் குமட்டியது. டாக்டர் மனைவி இரண்டு வருடம் தெருவாசலில் நின்றபடியே சாப்பிட்டார். பிறகு பெட்டி கட்டினார்.

"சுவரா நானா, இன்னைக்கே முடிவு பண்ணுங்க. ஊரான் எச்சில்ல நடந்து நடந்து என் கால்ல பல்லு முளைச்சிடும் போலிருக்கு."

"எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வாய்தானே," என்றார் டாக்டர். மனைவி பார்த்த பார்வையில் உடனே கொத்தனாரைக் கூப்பிட ஓடினார்.

"அன்னைக்கே சொன்னேன் சார், சுவரோட மூக்கப் பொத்தாதீங்கன்னு," என்றபடி கொத்தனார் சிமெண்டைக் கொத்தினார். கொத்திய இடமெல்லாம் கக்கல் நின்றது. கடைசி ஒரு சாண் பாக்கியிருந்தபோது அதிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்கியது. நாற்றமில்லை. குழந்தை சோப்பு வாசனை. மெல்லிய முடி ஒன்று. முப்பத்தோரு வருடம் முன்பு அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பத்தொன்பது நாள் இருந்தது. குளிப்பாட்டிய தண்ணீரை டாக்டர் மனைவி அந்தச் சுவரோரம்தான் ஊற்றினார். இருபதாம் நாள் ஊற்ற எதுவும் இருக்கவில்லை.

"நிறுத்துங்கண்ணே," என்றார் டாக்டர் மனைவி.

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார்.

அந்த ஒரு சாண் சிமெண்டு இன்னும் இருக்கிறது. மீதிக்கெல்லாம் சுண்ணாம்பு. அந்தச் சிமெண்டுக்கு அடியில், டாக்டர் மனைவி கட்டிய பெட்டியைக் காலி செய்து கவிழ்த்து, அதன்மேல் ஒரு பேசின். வருடத்தில் பத்தொன்பது நாள் வெதுவெதுப்பாக வரும்; மற்ற நாளெல்லாம் எங்கள் எச்சில்தான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்களைப் பேர் சொல்லித் திட்டியபடி அதைச் சாக்கடையில் கொட்டுகிறார். அந்தப் பத்தொன்பது நாளும் கிளினிக் கிடையாது. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்கிறோம்.