அவருக்குத் தீந்துடுச்சு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்கா புருஷன்தான் கொடுத்தார். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், இருமல் விட்ட நேரம் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மாப்ள, நடந்ததை அப்படியே எழுதினா காசு வருமா?"

"பெருசா வராது மச்சான்."

"அப்ப நீயும் நம்ம கல் பட்டறை கேஸ்தான்."

எழுதச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். அழுவாச்சியாக இருக்கக் கூடாதாம். பார்க்கிறேன். வாக்குக் கொடுக்க முடியாது.

2

முதல் தொடக்கம்: "பனியைப் போலக் கல்தூசு அவர் தலைமேல் மெல்ல…"

அடித்துவிட்டேன். நானும் அந்தப் பட்டறையில் பலகைக்கல் தூக்கியவன். சோற்றோடு சேர்ந்து தூசு பல்லில் நறநறக்கும்போது எவனுக்கும் பனி ஞாபகம் வராது.

இரண்டாவது: "கடன் என்பது…"

இதையும் விட்டேன். கடன் என்பது என்னவென்று தெரியாதவர்கள் இந்தக் கதையைப் படிக்கப் போவதில்லை.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மச்சான் கல் அறுக்கிறவர். சமையல் மேடைக்குப் போடுகிற பளபளப்புக் கல். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு கிளம்பாது. ஆனால் சாக்பீஸால் போட்ட கோடு தண்ணீரில் அழியும், அளவு தப்பும், கல் வீணானால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் எல்லாரும் தண்ணீர் இல்லாமலே அறுப்பார்கள், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொண்டு. துண்டைத் தாண்டிப் போனதெல்லாம் மச்சானின் நெஞ்சில் படிந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அந்தக் கடனைக் கழிக்க மச்சான் திரும்பவும் அதே மெஷினுக்குப் போனார். கல் தூக்கத் தெம்பில்லாததால் அரை ஆள் கூலி. அதிலும் பாதி கடனுக்குப் போய்விடும். மறுபடியும் படுக்கையில் விழுந்தார். "இன்னொரு தடவை தூசுல நின்னுட்டு என்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

[இந்தப் பத்தி பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது. தெரியும். இதை அழகாக எழுத எனக்குக் கை வரவில்லை.]

3

'தீர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். வியாதி தீரும், கடன் தீரும், அரிசி தீரும், ஆயுசும் தீரும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் தனித்தனியாகச் சொல் செய்ய யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. கதை இங்கேதான் வழுக்கியது.

மச்சானுக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் மூச்சு விசிலடிக்கும். அது காலியான அன்றைக்கு அக்கா மருந்துக் கடைக்கு ஓடினாள். பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுசு என்றார் கடைக்காரர். அங்கிருந்தே பட்டறைக்குப் போன் போட்டாள். எடுத்தவன் சைரன். எந்நேரமும் கத்திப் பேசுவான் என்பதால் அந்தப் பேர். மெஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, அதனால்தான் கத்துகிறான்.

"அண்ணே, அவருக்கு மருந்து எல்லாம் தீந்துடுச்சுண்ணே. முதலாளிகிட்ட கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

ஓடிவந்த மூச்சிரைப்பு அவனுக்கு அழுகையாகக் கேட்டிருக்கிறது. 'மருந்து' என்பதை மெஷின் தின்றுவிட்டது. மிச்சம் காதில் விழுந்தது: அவருக்கு எல்லாம் தீந்துடுச்சு.

மெஷின்களை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

4

அக்கா வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் பட்டறையே நின்றது. தலை, புருவம், கை எல்லாம் வெள்ளையாக, கழுவாமல் அப்படியே. முதலாளிதான் முன்னால் வந்தார்.

"தைரியமா இரும்மா. எனக்குத் தர வேண்டிய பாக்கியைப் பத்தி நினைக்காத. அது அவரோட போச்சு. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்."

அக்காவுக்குப் பாக்கி போச்சு என்பது மட்டும்தான் விளங்கியது. கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் முதலாளி."

உள்ளேயிருந்து இருமல் சத்தம்.

"உள்ள யாரு?" என்று கத்தினான் சைரன்.

மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "என்னடா, கூட்டமா கிளம்பி வந்திருக்கீங்க?"

"நீ சாகலையா?"

"ஏன்டா, லேட்டாயிடுச்சா?"

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மேலிருந்த தூசு உதிர உதிர. முதலாளியும் சிரித்தார். முதலில் நிறுத்தியதும் அவர்தான். சட்டைப் பையைத் தடவி மருந்துக்குப் பணம் எடுத்துச் சைரனிடம் கொடுத்து வாங்கிவரச் சொன்னார். சொன்ன சொல்லைப் பற்றி ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இன்றுவரை பேசவில்லை.

5

இந்த முதலாளி எனக்குச் சரியாக அமையவில்லை. முதலில் தொப்பையும் மோதிரமுமாக எழுதினேன். படிப்பவர்களுக்கு வசதி. ஆனால் அந்த ஆளுக்குத் தொப்பை கிடையாது, அவரும் இருமுகிறார். ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற ஜன்னலில் எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் நிற்காதபோது வந்து நின்றவர். கல் வீணானால் கூலியில் பிடிக்கிறவரும் அவரேதான். இரண்டையும் ஒரே சட்டைக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது.

[கடன் கொடுத்தவர் அயோக்கியனாக இருந்துவிட்டால் கடன்காரனுக்குத் தூக்கம் வரும். மச்சான் தூங்குவதில்லை. இருமலால் மட்டும் என்று நினைத்திருந்தேன்.]

6

முடிவு ஒன்று: முதலாளி சொன்ன சொல்லில் நிற்கிறார், கடன் போகிறது. மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "சினிமாவுக்கு ஆகும்" என்றார்.

முடிவு இரண்டு: முதலாளி சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். "வேணாம் மாப்ள. அந்த மனுஷனை அப்படி எழுதினா நான் என்ன ஆளு?"

முடிவு மூன்று: அந்த வாரமே மச்சான் இற

அக்கா என் தோளுக்கு மேலே படித்துக்கொண்டிருந்தாள். பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"எழுதுறதுக்கு வேற ஆள் கிடைக்கலையா உனக்கு? அவர் பாக்கி இல்லேன்னுட்டார். என் காதால கேட்டேன். அதோட முடிஞ்சுது."

"செத்தவனுக்குச் சொன்னதுடி அது" என்றார் மச்சான். "உயிரோட இருக்கிறவன் எப்படி வாங்கிக்கிறது?"

"அப்ப செத்துத்தான் வாங்கிக்குவீங்களா?"

"செத்தப்புறம் நீ வாங்கிக்க. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

அக்கா சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்ச நேரம் சத்தம் போட்டன.

முதலாளியிடமே கேட்டுவிடலாமே என்றேன். மச்சான் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "கேட்டா அவர் ஆமாங்கணும், இல்லேன்னா இல்லங்கணும். ரெண்டுமே அவருக்கு அசிங்கம். நான் பேசாம போய் மெஷின் முன்னாடி நின்னுட்டா போதும். பாக்கி இருக்குன்னு அவருக்கே புரிஞ்சுடும்."

"மூச்சு?"

"அரை ஆளுக்கு அரை மூச்சு போதாதா?"

7

இன்று காலை. இதற்கு மேல் நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன்.

மச்சான் சட்டையை மாட்டிவிட்டார். பட்டன் போடவே நடுவில் உட்கார வேண்டியிருந்தது. பழைய துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கால் இந்தப் பக்கத்து நிலைச்சட்டத்தில், முதுகு அந்தப் பக்கத்து நிலைச்சட்டத்தில். வழி அடைத்துவிட்டது.

"எழுந்திரு."

"தாண்டிப் போங்க."

அவர் தாண்டமாட்டார். அவளும் எழுந்திருக்கமாட்டாள். அவள் எழுந்தால் கடன் அடையும், ஆள் மிஞ்சமாட்டார். அவர் திரும்பிக் கட்டிலுக்குப் போனால் ஆள் மிஞ்சுவார், ஆனால் தெருவில் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் செத்தவனாகத்தான் நடப்பார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். எழுதுகிறவன் நான்தானே, யாரையாவது அசைக்கலாமே என்கிற பார்வை.

என்னால் முடியவில்லை. அவள் என் அக்கா.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யாரை வேண்டுமானாலும் அசையுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சான் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.