தங்கக் காகிதச் சூரியன்

கம்பத்தின் பாதி உயரத்தில் நின்று அப்பாதுரை கை மாற்றிக்கொண்டான். மாசி வெயிலில் கம்பத்தின் இரும்பு, தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் சுற்றியிருந்த சாக்குத்துணி வியர்வையில் வழுக்கியது. கீழே, கம்பியில்லாத் தந்தி நிலையத்தின் வாசலில், சூப்பரின்டெண்டென்ட் சீனிவாசராகவன் குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

நேற்றிலிருந்து லண்டன் பேசவில்லை. ஆபரேட்டர் ஹெர்பர்ட் டயலைத் திருகித் திருகிப் பார்த்தார். ஹெட்போனில் தகரக் கூரைமேல் மழை பெய்கிற இரைச்சல்தான். அதற்கு முந்தின நாள்தான் அப்பாதுரை மேலே ஏறி ஏரியலைப் பிடித்திருக்கும் கிளாம்புகளை முறுக்கிவிட்டு வந்திருந்தான். அவன்மேல் பழி போட சூப்பரின்டெண்டென்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

"என்னடா தெரியறது?"

"எல்லாம் கரெக்டா இருக்குது சாமி!"

"கரெக்டா இருந்தா ஏண்டா கேக்கலே? உச்சிக்குப் போய்ப் பாரு! மெட்ராஸ்லேர்ந்து போன் மேலே போன். நான் என்ன பதில் சொல்றது?"

காலையிலிருந்து எத்தனை தடவை ஏறி இறங்கினானோ, கணக்கில்லை. ஆனாலும் ஏறினான். அடுத்த மாதம் அவனுடைய வேலை பர்மனென்ட் ஆகவிருந்தது. நிலையத்தின் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஊதுபத்தி உருட்டும் அவன் மனைவி சந்திரம்மா ஒருநாள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "வூட்டுக்குள்ளயே தண்ணி வருதுய்யா!" என்று கரிபடிந்த விரல்களை அதில் கழுவிக்கொண்டாள்.

உச்சியில் எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. வேலை முடிந்தால் ஸ்பானரால் கம்பத்தை மூன்று முறை தட்டுவது கம்பம் ஏறுகிறவர்களின் வழக்கம். இறங்கப்போகிறேன், கீழே நிற்காதீர்கள் என்று அர்த்தம். அப்பாதுரை தட்டினான். மூன்றாவது தட்டின் அதிர்வு அடங்கவில்லை, ஜன்னல் வழியே ஹெர்பர்ட் கத்தினார்:

"சார்! லண்டன் வந்துடுச்சு!"

சூப்பரின்டெண்டென்ட் குடையை மடக்கினார். "பாத்தீரா மிஸ்டர் ஹெர்பர்ட்? தட்டினான், வந்துடுத்து."

"தட்டுனதுக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமில்ல சார். ரெண்டு நாளா ஆகாசமே சரியில்ல."

"ஆகாசம் சரியில்லேன்னு மெட்ராஸுக்கு எழுதச் சொல்றீரா? சிரிப்பா."

இறங்கி வந்தவனைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். குரல் இளகியிருந்தது. "கிளாம்ப் லூசா இருந்துதுன்னு ஒத்துண்டுடு. ஒரு வார்னிங்கோட போயிடும். எதிர்த்துப் பேசினேன்னா பர்மனென்டை மறந்துடு."

அப்பாதுரை தன் கைகளைப் பார்த்தான். கொப்புளம் ஒன்று உடைந்திருந்தது. காதில் அந்தக் குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"லூசாத்தான் இருந்துச்சு சாமி. தட்டினதும் சரியாப்பூடுச்சு."

அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள். ஒத்துக்கொண்ட ஆளாதலால் விசாரணைகூட வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஹெர்பர்ட் ஒரு சிகரெட்டை நீட்டினார்.

"ஏன் மேன் ஒத்துக்கினே? பேப்பர் பாத்தியா? சன்ல புயலாம். உலகம் பூரா ரேடியோ அவுட்டு."

"அத்த அவருகிட்டச் சொல்லுங்க தொரை."

"சொன்னேனே! மெட்ராஸுக்கு ரிப்போர்ட் போயிடுச்சுங்கறாரு. சன்னுக்கு மெமோ குடுக்க முடியுமா மேன்? உனக்குக் குடுக்கலாம்."

சந்திரம்மா அழவில்லை. அன்று கூடுதலாக ஒரு பலகை ஊதுபத்தி உருட்டினாள். விளக்கணைக்கும்போது மட்டும், "அந்தக் கொழாயில இப்ப யாரு புடிக்கிறாங்களோ" என்றாள்.

சித்திரையில் அப்பாதுரை ஒரு ஷாமியானா கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனான். மல்லேஸ்வரத்தில் ஒரு கூட்டம். நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டு, மேடையின் பின்திரையில் அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டிய ஒரு பெரிய சூரியனை ஆணியில் மாட்டினான். மாலையும் கழுத்துமாய்ப் பேச எழுந்தவர் சீனிவாசராகவன். ஓரிரு மாதத்தில் அவர் சூரியனைப் பற்றி ஊரே அழைத்துக் கேட்கும் ஆளாகியிருந்தார்.

பேச்சின் நடுவில் ஆணி கழன்று சூரியன் சரிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினார். "யாரப்பா அங்கே, பிடிச்சுக்கோ."

அப்பாதுரை ஏணியில் ஏறி, சூரியனின் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தான்.

"வானத்தோட மேலடுக்குலே பட்டுத்தான் ரேடியோ அலை பூமிக்குத் திரும்பறது. சூரியனோட புயல் வந்து நம்ம பூமியின் காந்தத்தை உலுக்கி, அந்த அடுக்கையே கலைச்சுடறது. மாசியிலே எங்க நிலையமும் ரெண்டு நாள் ஊமையாப் போச்சு. ஏரியல்லே ஒரு கோளாறும் இல்லை. மனுஷா யார் மேலேயும் தப்பில்லை. எல்லாம் சூரிய பகவானோட திருவிளையாடல்!"

சபை கைதட்டியது. முன்வரிசையில் யாரோ "பேஷ்" என்றார்கள்.

தங்கக் காகிதத்தின் விளிம்பில், இருபுறமும், தழும்பேறிய விரல்கள் மட்டும் தெரிந்தன. அட்டை லேசாக நடுங்கிற்று.

"ஆடாமப் பிடிப்பா," என்றார் சூப்பரின்டெண்டென்ட், "சூரியன் ஆடறது."