மைனஸ் பதினெட்டு

ரத்த மாதிரிகள் வைக்கும் ஃப்ரீசர்களுக்கு வெப்பநிலை காட்டும் பெட்டி செய்கிற சின்ன நிறுவனம் அது. பெட்டிக்கான நிரலை எழுதியவள் அண்ணி. அதைப் புதிய மின்சுற்றுப் போர்டில் ஏற்றியவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அலுவலகம்.

திங்கட்கிழமை, புதிய பெட்டி வாங்கிய ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"ஏங்க, உங்க புதுப் பெட்டி எரநூத்தி முப்பத்தெட்டு டிகிரின்னு கத்துது. உள்ள ரத்தம் வெச்சிருக்கோமா, கொதிக்கிற எண்ணெயா?"

உள்ளே மைனஸ் பதினெட்டுதான். மூன்று வருஷமாகப் பழைய பெட்டிகள் பிசகியதே இல்லை.

"நிரல்ல எதையாவது மாத்தினியா?" என்றாள் அண்ணி.

"ஒரு புள்ளியக்கூட தொடல அண்ணி."

அண்ணி நம்பவில்லை. போன வாரம்தான் மேலாளர் எதிரில், "புது போர்டை இவ சரியா சோதிக்கல" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நாத்தனார் வீட்டிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிரலில் செய்த மாற்றங்களின் பதிவேட்டை அண்ணி திறந்தாள். ஒன்றுமே இல்லை. அந்தக் கோபத்தில் எதையாவது மாற்றிவிட்டுத் தடயத்தை அழித்திருப்பாளோ?

நாத்தனார் டீ குடிக்கப் போன நேரம், அண்ணி அவள் கணினியின் முன் உட்கார்ந்து கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டாள். எழுத்து பிசகாமல் அண்ணி எழுதியதேதான். பழைய போர்டில் மைனஸ் பதினெட்டு காட்டிய அதே நிரல், புதியதில் இருநூற்று முப்பத்தெட்டு காட்டியது. இரண்டுக்கும் வித்தியாசம் இருநூற்று ஐம்பத்தாறு. ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் மொத்தமே அவ்வளவுதான். மைனஸ் எண்ணைப் புதிய போர்டு பிளஸ் எண்ணாகப் படிக்கிறது.

மூன்று வரியில் ஒரு சோதனை எழுதினாள். வெப்பநிலையை வைக்க அவள் எடுத்திருந்த, ஒரு பைட் அளவுள்ள 'கேரக்டர்' வகையில் மைனஸ் ஒன்றைப் போட்டு, அது பூஜ்யத்தைவிடச் சின்னதா என்று கேட்டாள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், பழைய போர்டுக்கு ஆமாம் என்றது; புதியதன் கம்பைலர் இல்லை என்றது. அந்த வகையில் மைனஸ் உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு கம்பைலரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். வெப்பநிலைக்கு மைனஸ் வேண்டும் என்று தெளிவாக எழுதாமல் விட்டவள் அண்ணிதான்.

மைனஸ் உண்டு என்று சொல்லும் ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். எந்தப் போர்டுக்கு நிரலைத் தயாரித்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்கும்படி சோதனையையும் தயாரிப்பு நிரலில் செருகினாள். பிறகு நாத்தனாரிடம் போனாள்.

"தப்பு என்னோடதுதான்."

"தெரியும். என் மிஷின நோண்டினீங்கல்ல? நாற்காலி எறங்கியிருந்துச்சு."

"உன்மேல சந்தேகப்பட்டேன்..."

"கேட்டப்பவே சொன்னேனே அண்ணி."

மறுநாள் காலை நாத்தனார் வந்து உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினாள். அந்தக் கணினிக்கு அதுவரை கடவுச்சொல் கிடையாது. அண்ணி தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.