பாதியில் நின்ற கூட்டம்

சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண்ணுக்குத் தையல் ஆலை நிர்வாகம் ஒதுக்கியது அரை மணி நேரம். நாற்காலி போடவும் மைக்கைச் சரிசெய்யவும் மேனேஜர் வரவேற்றுப் பேசவும் அதில் பாதி போயிற்று. மிச்ச நேரத்தில் அவர் எச்ஐவி எப்படியெல்லாம் தொற்றும் என்று விளக்கினார். ரத்தம் என்று சொன்னபோது ஒரு படம் காட்டினார், சிவப்பாக, பெரிதாக. "இனி எப்படியெல்லாம் தொற்றாதுன்னு பார்ப்போம்" என்று அடுத்த படத்தை எடுத்தார். மணி அடித்துவிட்டது. இருநூறு பேரும் எழுந்து மிஷினுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, நான்காம் வரிசையில் தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றின் கையில் கடுகளவு ரத்தக் கறை இருந்தது.

ஊசி விரலில் ஏறுவது அந்த வேலையில் புதிதல்ல. கறையைப் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கி, இஸ்திரி போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்று யாரும் தொடவில்லை. சோதனை மேசைப் பெண் அளவுகோலின் நுனியால் சட்டையைத் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டாள். யார் தைத்தது என்று கட்டுச் சீட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சட்டைக் கையின் முனைப் பட்டியான கஃப் தைக்கும் பெண்ணின் ஆள்காட்டி விரலில் புதிதாகத் துணி சுற்றியிருந்தது.

"போன மாசம் ஒரு வாரம் காய்ச்சல்னு லீவு போட்டா பாருங்க, அப்பவே நினைச்சேன்" என்றாள் பட்டன் மிஷின்காரி. வரிசையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கரண்ட் போனாலும் நிற்காது என்பதால் வைத்தது.

"வாயை மூடுடி. என் பிள்ளைக்கு வந்த காய்ச்சல் எனக்கும் வந்துச்சு" என்றாள் கஃப் தைப்பவள்.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது பேர் மிஷினை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்ப்பதுதான் அவருக்குப் பிரச்சினை. "ரத்தப் பரிசோதனைச் சீட்டோட வாம்மா. அதுவரைக்கும் மிஷின்ல உட்கார வேணாம்" என்றார்.

கஃப் தைப்பவள் கத்தரிக்கோலைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

அடுத்த மிஷினில் காலர் தைப்பவள் இருந்தாள். வரிசையில் எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. ஒன்பது வருடமாக அந்தக் கிருமி அவள் உடம்பில் இருக்கிறது. தங்கைக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் தெரியும். மாத்திரைகளைப் நூல் சுற்றும் பாபின்கள் வைக்கிற பழைய டப்பாவில் போட்டு, குலுங்கிச் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரே ஒரு சிநேகிதியிடம் சொன்னாள். ஒரு வாரத்தில் அவளுடைய டம்ளர் தனியானது. ஒரு மாதத்தில் வேலை போயிற்று. இங்கே ஆறு வருடம் வாய் திறக்கவில்லை. நேற்றைய கூட்டத்தின் மறுபாதி அவளுக்கு மனப்பாடம்.

மிஷினை அணைத்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வெறும் கையால் கறையைக் கசக்கி, ஈரத்தோடு கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"காய்ஞ்ச ரத்தத்தைத் தொட்டா அது வராது சார். பக்கத்துல உட்கார்ந்தா வராது, ஒரே குழாய்ல தண்ணி குடிச்சா வராது. இருக்கறவங்களும் தினம் மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம், வேலை பார்க்கலாம்."

"டாக்டரம்மா வந்துட்டாங்க! உனக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?" என்றாள் ரேடியோ.

"போஸ்டர்ல படிச்சேன்."

சூப்பர்வைசர் தலையசைத்தார். "போஸ்டரை வெச்சு நான் முடிவெடுக்க முடியாதும்மா. அவ போய்ட்டு வரட்டும்."

கஃப் தைப்பவள் பையின் வாயை முடிந்துகொண்டிருந்தாள்.

"போஸ்டர் இல்ல சார்" என்றாள் காலர் அக்கா. "எனக்கு இருக்கு. ஒன்பது வருஷமா. இந்த வரிசையில ஆறு வருஷமா எல்லாக் காலரும் நான் தைச்சதுதான். உங்க கழுத்துல இருக்கறதும்."

சூப்பர்வைசரின் கை காலரை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் அவரே அதைக் கவனித்துக் கீழே இறக்கினார். யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் மிஷினுக்குப் போங்க" என்றார் கடைசியில். கஃப் தைப்பவளைப் பார்த்து, "நீயும்தான்" என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் காலர் அக்காவின் மேசை காலியாக இருந்தது. கஃப் தைப்பவள் டிபன் பாக்ஸோடு வந்தாள், நின்றாள், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. காலர் அக்கா அவளைக் குறை நினைக்கவில்லை. கிருமி இருப்பது முதலில் தெரிந்தபோது, காலர் அக்காவும் தன் தட்டைத் தானே தனியாகக் கழுவி வைத்தவள்தான். மூன்று மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்தது. நாளை காலை மிஷினுக்குப் போகாமல் பத்து மணிக்கு நேரே அங்கே வரும்படி காலர் அக்காவிடம் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை.

வேலை முடிந்து குழாயடியில் கை கழுவினாள். பக்கத்துக் குழாயை யாரோ திறந்தார்கள். ரேடியோ. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கையை நனைக்கவில்லை.

"அக்கா." அந்தக் குரலை அவ்வளவு தணிவாக அந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை. "டெஸ்ட் எடுக்கற இடத்துல... டோக்கன் எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?"

காலர் அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் போய்விடுவாள் என்று தெரியும்.

"ஏழரைக்கு. ஆஸ்பத்திரிப் பின்பக்கக் கேட் வழியா வா, அங்க கூட்டம் இருக்காது. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான்."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ரத்தம் எடுக்க ஒரு நிமிஷம். முடிவு சொல்ல அரை மணி. அந்த அரை மணிதான் பெருசா இருக்கும்."

ரேடியோ குழாயை மூட மறந்து நின்றாள்.

"நாளைக்கு எனக்குப் பத்து மணிக்குத்தான் மேனேஜரைப் பார்க்கணும்" என்றாள் காலர் அக்கா, பக்கத்துக் குழாயையும் சேர்த்து மூடிக்கொண்டே. "அதுக்கு முன்னாடி வேலை ஒண்ணுமில்ல. அந்தப் பின்பக்கக் கேட் கிட்ட நிக்கறேன்."