ஒரு குவளைத் தொட்டித் தண்ணீர்

"குடிடி! நீ கலந்த விஷத்த நீயே குடி!"

அக்கா புருஷன் ஒரு கையால் என் தாடையை நெரித்துப் பிடித்து, மறுகையால் ஸ்டீல் குவளையிலிருந்த மீன்தொட்டித் தண்ணீரை என் வாயில் ஊற்றினான். உப்பு மூக்கில் ஏறியது. குமட்டிக்கொண்டு வர, அவன் சட்டைமேலேயே துப்பினேன். அதற்கு ஓர் அறை விழுந்தது. உதடு கிழிந்து, காது ஙொய்யென்று இரைந்தது. நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா முகத்துக்காக. மனசுக்குள் அந்த மரியாதையெல்லாம் அவனுக்குக் கிடையாது.

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கடல்நீர்த் தொட்டி அவனுக்கு உயிர். கட்டின பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் திரும்பிப் பார்க்காதவன், மீன் ஒருவேளை தின்னவில்லை என்றால் ஆபீசுக்கு லீவு போடுவான். அன்று மதியம் சாப்பிட வந்தவன், தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். நீல மீன், ஜோடிக் கோமாளி மீன்கள், எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கடைசியாக வாங்கிவந்த பெட்டி மீன், மஞ்சள் தீப்பெட்டிக்குக் கண்ணும் வாலும் வைத்த மாதிரி இருக்குமே, அது ஒரு மூலையில் விறைத்துக் கிடந்தது. தண்ணீர்மேல் சோப்பு கரைத்தது போல நுரை. காலையிலிருந்து அடுப்படியிலேயே கிடந்த நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

"காலைல நான் கெளம்பறப்ப எல்லாம் ஓடியாடிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள வந்தவ நீ ஒருத்திதான். என்னடி பண்ணே?"

நானும் ஒரு மடச்சி. உண்மையைச் சொன்னேன்.

"அடுப்படியில எறும்பு மருந்து அடிச்சேன் மாமா. கதவச் சாத்திட்டுத்தான் அடிச்சேன்."

"ஒத்துக்கிட்டா பாரு! கொலகாரி!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தானோ? மீன் போனதற்காகக் கலங்கவில்லை. அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசியே விரட்டியவன் இவன். அண்ணனைச் சட்டையைப் பிடித்துப் படியில் உருட்டிவிட்டான். இந்த வீட்டுக்கு இன்னும் வந்துபோவது நான் மட்டும்தான். என்னையும் துரத்திவிட்டால் இந்த நாலு சுவருக்குள் அக்காவும் அவனும் தனி.

அக்கா அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்றைக்கும் இழுத்துப் பின்னிக்கொள்பவள், அன்று முடியை நெற்றியில் வழியவிட்டிருந்தாள். காலையில் வந்ததுமே விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், நடுவில் தோல் கிழிந்திருந்தது.

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சுடி" என்றாள்.

போன தடவை குளியலறைத் தரை. அதற்கு முந்தி மாடிப்படி. அந்த வீட்டுக் கதவுக்கும் தரைக்கும் என் அக்காமேல் அப்படி என்னதான் பகையோ! "என்கூட வந்துடுக்கா" என்று கெஞ்சினேன். "சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அவன் மீன் வாங்கும் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டான். "அவ வரட்டும். மருந்துதான்னு அவ வாயால வரட்டும். அப்புறம் நீ இந்த வாசப்படிய மிதிச்சே, கால ஒடிச்சுடுவேன்."

கடைக்காரம்மா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தொட்டியிடம் போய், "அய்யோ, என் தங்கங்களா, இப்படிப் போயிட்டீங்களே" என்று புலம்பினார். பிறகுதான் என் உதட்டு ரத்தத்தைப் பார்த்தார்.

"என்ன சார், இங்க மீனுக்கு வைத்தியமா, மனுசங்களுக்கா?"

"மொதல்ல மீனப் பாருங்க. எறும்பு மருந்து அடிச்சிருக்கா இவ."

அவர் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். கழிவு ஏறவில்லை என்றார். சூடு சரி, உப்பும் சரி என்றார். பிறகு குனிந்து, பாறை இடுக்குகளில் டார்ச் அடித்தார்.

"இறால் நடமாடுது. இந்தா, சங்கத் தூக்கிட்டு நண்டு மேயுது. எறும்பக் கொல்ற மருந்து இறால விட்டு வைக்குமா சார்? மருந்துன்னா மொதல்ல மண்டையப் போடறது இதுங்கதான். அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க."

போன மூச்சு எனக்குத் திரும்பி வந்தது. அழுதுவிடுவேன் போல இருந்தது.

அவர் நுரையை விரலில் தேய்த்துப் பார்த்தார். வலைக்கம்பால் பெட்டி மீனைத் தள்ளிப் பார்த்தார்.

"இத யாரு பயமுறுத்தினது?"

"என்னது?"

"விக்கும்போதே படிச்சுப் படிச்சு சொன்னேன். நீங்க செல்போன நோண்டிக்கிட்டே மண்டைய ஆட்டினீங்க. இது பயந்துச்சுன்னா உடம்புலேர்ந்து விஷத்த விட்டுடும் சார். கூட இருக்கறதெல்லாம் சாவும். அதே தண்ணில கெடந்து தானும் சாவும். விரலால தட்டினதுக்கு இப்படி ஆகாது. இன்னைக்குக் காலைல கண்ணாடில எதுவோ பலமா மோதியிருக்கு."

"இவதான் தட்டியிருப்பா!" அவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்து ஆட்டினான்.

"அவள விடுங்க." அக்காவின் குரல். "யாரும் தட்டல. என் தலைதான் மோதிச்சு."

"சார்ஜர் எங்கன்னு கேட்டாரு. தெரியலன்னேன். முடியப் பிடிச்சு அங்க மோதினாரு. ரெண்டு தடவ." அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள். தொட்டிக் கண்ணாடியில், சரியாக அந்த உயரத்தில், காய்ந்த ரத்தக்கறை ஒன்று இருந்தது. காலையிலிருந்து அதை நான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணை நொள்ளைக்கண் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வாய மூடுடி" என்றான். ஆனால் என் முடியை விட்டுவிட்டான்.

அக்கா தரையில் கிடந்த குவளையை எடுத்தாள். தொட்டிக்குள் முக்கினாள். செத்த மீனை ஒதுக்கி, நுரையோடு மொண்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடிங்க."

அவன் கடைக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "இது மனுசனுக்கு... ஒண்ணும் ஆகாதில்ல?"

"எனக்கு மீனப் பத்தித்தான் சார் தெரியும்."

"என் தங்கச்சிக்கு ஊத்தினப்ப யாரக் கேட்டீங்க?" என்றாள் அக்கா. "குடிங்கன்னா!"

அவன் கையை ஓங்கினான். எத்தனையோ தடவை அந்தக் கை ஓங்கி, அவள் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அவள் குறுகவில்லை. தண்ணீரோடு குவளையை வீசி அவன் மூக்கில் அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மடங்கினான். அவள் பின்மண்டையில் இன்னொன்று வைத்தாள். காலையில் வாங்கியதும் ரெண்டுதானே. கடைக்காரம்மா இறாலை வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

விரலிடுக்கில் ரத்தம் ஒழுக, அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆஸ்பத்திரிக்கு... கூட்டிட்டுப் போடி" என்று முனகினான்.

அக்கா குவளையைத் தொட்டிக்குள் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"நீங்களே போய்க்கங்க. டாக்டர் கேட்டா, அலமாரிக் கதவு இடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க."