ஐயாசாமி கிராணி எழுதிய மதிப்புரை

மலாயாவில் பாலோ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஐயாசாமி கிராணி சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு நாவல் மதிப்புரை எழுதுகிறவர். படிக்கிறவர் என்று யார் சொன்னது? ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்தால், மனைவி சந்திரமதிதான் வாசித்துக் காட்டுவாள். மூன்றாம் அத்தியாயத்தில் குறட்டை கிளம்பிவிடும். விழித்ததும் மிச்சக் கதையை அவளிடம் கேட்டு எழுதிவிடுவார்.

அந்த மாதம் வந்தது வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த காதல் நாவல். புருஷனை விட்டுப் போன சுரமா கடைசியில் திரும்பி வந்து அவன் காலில் விழுந்தாள் என்றாள் சந்திரமதி. கிராணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'சுரமாவே நம் பெண்களுக்கு வழிகாட்டி. ஒவ்வொரு கணவனும் வாங்கித் தரவேண்டிய நூல்' என்று எழுதினார். கணவன்மார்களும் நம்பி வாங்கித் தந்தார்கள்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் அங்கமுத்து கங்காணி புத்தகமும் கையுமாக வந்து குதித்தார். "என்னங்க கிராணியாரே! அந்தப் பொம்பள திரும்பியே வரல. ரங்கூன்ல தையல் கடை வெச்சு ஜோரா இருக்கா. இவளா வழிகாட்டி?"

கிராணி உள்ளே பார்த்தார். சந்திரமதி மும்முரமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டால் மானம் கப்பலேறிவிடும். நெஞ்சை நிமிர்த்தினார். "தெரிஞ்சுதான் எழுதினேன். பொம்பளைங்களும் சொந்தக் கால்ல நிக்கட்டுமே!"

சந்திரமதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கங்காணி அண்ணே, இவங்க சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல? ஜொகூர் பாருல தையல் வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. நாளைக்கு ரயிலுக்குப் பெட்டி கட்டியாச்சு." புருஷன் பக்கம் திரும்பினாள். "அடுத்த நாவலை நீங்களே படிச்சுக்குங்க."